பத்து மணிச் சொட்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதில் எனக்கு இன்றுவரை குழப்பம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் அது இதைவிட மோசமாக வரும். நாலு பேர் எதிரில் பேச எழுந்தால் எனக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கதையில் பாதிக் கெடுதல் அதனால்தான் வந்தது. ஆகையால் எழுதுகிறேன்.

எனக்கு வீடு பென்னலூர். ஒரகடம் பக்கம் காருக்கு இரும்பு பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை. முதலில் சுமை ஏற்றும் ஆளாகத்தான் சேர்ந்தேன். பிறகு, பெட்டிகளை இரண்டு இரும்பு முள்ளால் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பழகினேன். கம்பெனி எனக்கு ஓட்டுநர் அட்டை கொடுத்தது. என் போட்டோ ஒட்டிய மஞ்சள் அட்டை. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தால், நான் யாரிடமும் பேச வேண்டியதில்லை. வண்டிதான் பேசும். ஹாரன் அடித்தால் எல்லாரும் விலகுவார்கள். எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், லாரிகள் வந்து நிற்கும் இடத்தில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் திரும்பினேன். ஒரு அலறல் கேட்டது. பிரேக்கை மிதித்தேன். ஒப்பந்த ஆள் ஒருவர், என் வயதுதான் இருக்கும், கை வண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். இரும்பு முள்ளின் முனைக்கும் அவர் முழங்காலுக்கும் ஒரு சாண் இடைவெளி.

"யோவ்! கண்ணு இன்னா வூட்டுல வெச்சிட்டு வந்துட்டியா? மலை மாதிரி நிக்கிறேன்!"

பக்கத்தில் நின்ற இன்னொருவர், "வுடுபா, அண்ணன் தூங்கிகினே ஓட்டுது," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கினேன்.

நான் தூங்கவில்லை. திரும்புவதற்கு முன்னால் இடது பக்கம் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அங்கே யாருமே இல்லை. தரை இருந்தது, மஞ்சள் கோடு இருந்தது, சுவர் இருந்தது. ஆள் மட்டும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பார்க்காமல் திரும்பியிருந்தால் கவனக்குறைவு என்று மனதைச் சமாதானப்படுத்தியிருப்பேன்.

கம்பெனியில் வருடா வருடம் கண் பார்ப்பார்கள். சுவரில் ஆங்கில எழுத்து அட்டையை மாட்டி, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்வார்கள். எனக்கு ஆங்கில எழுத்து தடுமாறும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு சொல்லிவிடுவேன். ஒரு வருடமும் தவறவில்லை. அட்டையை நிஜமாகவே படித்திருந்தாலும் தேறியிருப்பீர்கள் என்று கண் டாக்டர் பிறகு சொன்னார். அந்த அட்டை கண்ணின் நடுப் பார்வையைத்தான் சோதிக்குமாம். எனக்கு வந்த நோய் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருவது.

ஆளை இடிக்கப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்தபோது வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் என் மனைவியைப் பார்த்தேன். முகம் தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது. அவள் கையில் இருந்த கரண்டி தெரியவில்லை. கையே தெரியவில்லை. அந்த இடம் கறுப்பாகவும் இல்லை. பின்னால் இருந்த பச்சைச் சுவர் அப்படியே நிரம்பி நின்றது.

"இன்னாங்க, கண்ணுல தூசா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் சுற்றினேன். பஸ் நிறுத்தத்தில், கேன்டீனில், வண்டியில் ஏறுவதற்கு முன்னால், எங்கே நின்றாலும் ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஷிஃப்ட் வாரம் வந்ததும், பகலில் லீவு போடாமல் போகலாம் என்று பூந்தமல்லி தாண்டி இருக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணில் மரக்க மருந்து விட்டு, ஒரு நீல வெளிச்சத்தைக் கண்ணில் ஒட்டினாற்போல் கொண்டுவந்து ஏதோ அளந்தார்கள். பிறகு ஒரு அறையில் வெள்ளைக் கிண்ணம் போன்ற மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்கு அடிக்கடி மின்னியது. இடது கண்ணுக்கு மாற்றினார்கள். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மிஷின் மட்டும் டிக் டிக் என்று ஓடியது. வெளிச்சம் வருகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்தது. சும்மாவே அமுக்க ஆரம்பித்தேன்.

"ஐயா, தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. மிஷினை ஏமாத்தி இன்னா பண்ணப்போறீங்க?" என்றாள் மிஷின் பக்கத்தில் நின்ற பெண்.

டாக்டரும் ஒரு பெண்தான். என் வயது இருக்கும். "கண்ணுல பிரஷர் அதிகமா இருக்கு," என்றார்.

"பிரஷர் இல்லீங்க மேடம். கம்பெனில கையில கட்டிப் பாத்தாங்க," என்றேன்.

"அது ரத்த அழுத்தம். இது கண்ணுக்குள்ள. கிளாக்கோமான்னு சொல்லுவாங்க. கண்ணுக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். ஊறுற தண்ணி ஓரத்துல இருக்கிற ஒரு சல்லடை வழியா வெளிய போயிடணும். உங்களுக்கு அந்தச் சல்லடை சரியா வடிக்கலை. தண்ணி தேங்கி உள்ளே அமுக்குது. பின்னாடி இருக்கிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமா சாவுது."

இது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் மிஷின்களில் சூடு தணிக்கக் கூலண்ட் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். போகிற வழியில் இரும்புத் தூள் அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பித் தவிக்கும். அடைப்பை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அதையே கேட்டேன். "அடைப்ப எடுத்தா போன பார்வை வந்துருமா மேடம்?"

"வராது," என்றார். "போனது போனதுதான். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தத்தான் நாம வைத்தியம் பண்றோம்."

இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது என்றும், வலது கண்ணில் இப்போதுதான் ஓரத்தில் ஆரம்பித்திருக்கிறது என்றும் சொன்னார். சின்ன பாட்டில் ஒன்று எழுதிக்கொடுத்தார். சீட்டில் தமிழில் எழுதியிருந்தது: இரவு 10 மணி, இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு, தினமும். ஆயுள் முழுக்க விட வேண்டும் என்றார்.

நான் செய்த தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் கம்பெனியில் மூன்று ஷிஃப்ட். காலை ஆறு முதல் இரண்டு வரை ஒரு வாரம். இரண்டு முதல் இரவு பத்து வரை அடுத்த வாரம். பத்து முதல் காலை ஆறு வரை மூன்றாவது வாரம். காலை ஷிஃப்டில் பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன், சொட்டு விட்டுக்கொள்வேன். மத்தியான ஷிஃப்டில் கம்பெனி பஸ் என்னை வீட்டில் இறக்கிவிட பதினொன்றாகும். வந்ததும் விட்டுக்கொள்வேன், ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டதே என்று பயந்துகொண்டே. மூன்றாவது வாரம் பத்து மணிக்கு நான் வண்டி மேல் இருப்பேன்.

பாட்டிலைக் கையோடு கொண்டுபோகலாம். ஆனால் கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்ப்பார். மருந்து இருந்தால் கம்பெனி மருத்துவ அறையில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. என்ன மருந்து, எதற்கு என்று அங்கே கேட்பார்கள். கண்ணுக்கு என்று சொன்ன நிமிடம் என் கழுத்திலிருந்து மஞ்சள் அட்டை போய்விடும். அதனால் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து விட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். இரவு மருந்தைப் பகலில் விட்டால் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கை வராது. கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரவு ஷிஃப்ட் வாரம் முழுக்கச் சொட்டு விடவில்லை. வலிக்கவில்லை, சிவக்கவில்லை, எதுவும் மாறவில்லை. அப்படியே பழகிவிட்டது.

இன்னொன்றும் இருந்தது, அதை நான் யோசிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு நான் போவதெல்லாம் இரவு ஷிஃப்ட் வாரத்தில். பகல் காலியாக இருப்பது அப்போதுதான். வாரம் முடியப்போகும் சனிக்கிழமைதான் எனக்குத் தோது. ஐந்து ஆறு நாள் மருந்து படாத கண்ணைத்தான் ஒவ்வொரு முறையும் டாக்டர் அளந்துகொண்டிருந்தார்.

"இறங்கவே மாட்டேங்குதே," என்பார். மருந்தை மாற்றினார். மறுபடி அளந்தார். "ஒழுங்கா விடுறீங்களா?"

"வுடுறேன் மேடம்."

பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. விடுகிற நாளில் ஒழுங்காகத்தானே விடுகிறேன்.

மருந்து போதவில்லை என்று முடிவு செய்து லேசர் செய்யலாம் என்றார். லேசர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கம்பெனிதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஷெட்டில் லேசர் மிஷின் இரும்புத் தகட்டை வெண்ணெய் போல வெட்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அதன் பக்கம் போகக்கூடாது. அதையா கண்ணுக்குள் விடப்போகிறார்கள்?

உட்கார வைத்தே செய்தார்கள். மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, கண் மேல் ஒரு தடிமனான கண்ணாடியை ஒட்டினார் டாக்டர். "ஆடாதீங்க. வலிக்காது. டிக் டிக்னு சத்தம் வரும், பச்சையா மின்னும். அவ்ளோதான்." மின்னியது. ஒவ்வொரு மின்னலுக்கும் என் கால் கட்டை விரல் தரையைக் குத்தியது. சல்லடையில் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டி வடிய வைக்கிறேன் என்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. கால் மணி நேரத்தில் முடிந்தது. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் உறுத்தல். சாயங்காலமே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த மாதம் இன்னொரு கண்ணுக்கும் அதே.

வலது கண் கொஞ்சம் இறங்கியது. இடது இறங்கவில்லை. கிண்ண மிஷினில் மறுபடி உட்கார வைத்தார்கள். மிஷின் அச்சடித்த தாளில், பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு போன தடவையைவிடப் பரவியிருந்தது. டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இடது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிடலாம். அடுத்து வலதுக்கும் வேண்டி வரும்போல இருக்கு," என்றார்.

லேசர் சமயத்திலேயே நோயைப் பற்றி என் மனைவியிடம் சொல்லியிருந்தேன், இந்த முறை அவளும் கூட வந்திருந்தாள். விளக்கம் சொல்ல எங்களை ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் மேசையில் பிளாஸ்டிக் கண் ஒன்று இருந்தது. அதைத் தேங்காய் மூடி போலத் திறந்து காட்டினார். கண்புரையும் சேர்ந்து இருக்கிற சிலருக்கு, புரை எடுக்கும்போதே மயிரிழை போன்ற சின்னக் குழாயை உள்ளே வைத்துவிடுவார்களாம். எனக்குப் புரை இல்லை, நோயும் முற்றியிருப்பதால் அது போதாது என்றார். மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் சின்னக் கதவு போல வெட்டி, தண்ணீர் வெளியே கசிய ஒரு வழி செய்வார்கள். அதுதான் எனக்கு. அதுவும் மூடிக்கொண்டால், தட்டு வைத்த குழாய் ஒன்றைப் பொருத்துவது இருக்கிறது. எதற்கும் கேட்காத கண்ணுக்குத் தண்ணீர் ஊறும் இடத்தையே வேறு வகை லேசரால் சுட்டுக் குறைப்பார்கள்.

"பார்வை வருமா?" என்றாள் என் மனைவி.

"வராதும்மா. இருக்கிறது நிக்கும். அதுக்குத்தான்."

"ஆபரேஷன்ல இருக்கிறதும் போயிட்டா?"

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. "ரொம்ப அபூர்வமா அப்படியும் ஆகும். பண்ணாம விட்டா கண்டிப்பா போகும்," என்றார்.

பஸ்ஸில் வரும்போது என் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தண்டலம் தாண்டியதும் சொன்னாள். "ஒரு கண்ணு போனாலும் இன்னொண்ணு கீதுன்னு நெனச்சிகினு இருந்தேன். ரெண்டத்தையும் கிழிக்கணும்ன்றாங்களே."

குருடானவர்கள் எப்படிக் கழிப்பறைக்குப் போவார்கள் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அதைத் தவிர வேறொன்றும் மனதில் ஓடவில்லை.

ஆபரேஷன் நாளும் இரவு ஷிஃப்ட் வாரத்தின் சனிக்கிழமைதான். காலை ஒன்பது மணிக்குப் பச்சைச் சட்டை மாட்டி, தலைக்கு உறை போட்டு, இடது புருவத்துக்கு மேல் பேனாவால் ஒரு அம்பு வரைந்து பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயவே இல்லை.

"இன்னா நைனா, கை இப்படி ஒதறுது? நீ ஆம்பளதான?"

நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

ஒரு சிஸ்டர் சீட்டோடு வந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. "டிராப்ஸ் தினமும் விட்டீங்களா?" எல்லாரும் விட்டேன் விட்டேன் என்றார்கள். பூக்கார அம்மா முறை வந்தது.

"வுடுவேன் கண்ணு. கல்யாணம் காட்சின்னா மட்டும் வுட மாட்டேன். கண்ணு செவந்துக்கும். பாக்குறவங்க இன்னா நெனைப்பாங்க, தண்ணி போட்டுட்டு வந்துட்டாளேன்னு நெனைக்க மாட்டாங்க?"

பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. மருந்து விடாத கண்ணை எங்ககிட்ட காட்டுனா டாக்டர் இன்னா நெனைப்பாங்க? மருந்து வேலை செய்யலைன்னுதான நெனைப்பாங்க? அப்புறம் கத்திதான எடுப்பாங்க? எத்தினி நாள் விடலை, சொல்லும்மா."

"அய்யய்ய, ரெண்டு நாள்தாம்மா. போன மாசம்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கண்ணில் நீல வெளிச்சம் வந்து நின்றது ஞாபகம் வந்தது. ஒரு சனிக்கிழமைகூட நான் மருந்து விட்ட கண்ணோடு போனதில்லை.

சிஸ்டர் என்னிடம் வந்தார். "நீங்க?"

வழக்கம்போல "விட்டேன்" என்று வந்துவிடப் பார்த்தது. உள்ளே கதவு திறந்து, எனக்கு முன்னால் போனவரை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண்ணில் வெள்ளைப் பஞ்சு. அடுத்தது நான். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நான் தலையை ஆட்டினேன்.

"இன்னா, விடலையா?"

"நைட் ஷிஃப்ட்ல வுட மாட்டேன்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க."

"நைட் ஷிஃப்ட் வாரம் பூரா வுட மாட்டேன் சிஸ்டர். பத்து மணிக்கு நான் வண்டில இருப்பேன். ஆரம்பத்துலருந்தே."

பூக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "அடப்பாவி நைனா. நான் ரெண்டு நாளுக்கே திட்டு வாங்கினேன்," என்றார்.

சிஸ்டர் உள்ளே போய்ச் சொல்ல, டாக்டர் வெளியே வந்தார். கையில் கிளவுஸ், முகத்தில் துணி, கண் மட்டும் தெரிந்தது. என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்தெந்த வாரம், எந்தெந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்று கேட்டுக் கேட்டுச் சீட்டைப் புரட்டினார். திட்டுவார் என்று குனிந்திருந்தேன். திட்டவில்லை.

"எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவீங்க?"

"எட்டரைக்கு பஸ் வரும் மேடம்."

"எட்டு மணிக்கு வீட்டுலயே ஒரு சொட்டு விட்டுட்டுப் போயிருக்கலாமே."

"சீட்டுல பத்துன்னு இருந்துது."

அவர் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். "ரெண்டு மணி நேரம் முன்ன பின்ன ஆனா ஒண்ணும் ஆகாதுங்க," என்றார். "ஒரு வாரம் விடாம இருந்தாத்தான் ஆகும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் உங்க ஷிஃப்ட் என்னன்னு கேட்டிருக்கணும்."

அன்று எனக்கு ஆபரேஷன் செய்யவில்லை. பச்சைச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம், ஒரு நாள் விடாமல் சொட்டு விட்டு, நடுவில் இரண்டு முறை வேறு வேறு ஷிஃப்ட் வாரத்தில் வந்து காட்டச் சொன்னார். வெளியே காத்திருந்த என் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன். சொன்னபோது அவள் என்னை அடிக்கவில்லை, அவ்வளவுதான். "வூட்டுல நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் கீறனே. என்கிட்ட சொல்றதுக்குக்கூடவா வெட்கம்?" என்றாள். அன்று முதல் சொட்டு விடுவது அவள் கையில்.

அந்த மாதத்தைப் போல நீளமான மாதத்தை நான் பார்த்ததில்லை. முடிந்ததும் டாக்டர் அளந்தார். "வலது கண்ணு மருந்துக்குக் கேக்குது. அதுக்குக் கத்தி வேண்டாம். இடது கண்ணு முன்னைக்கு இப்ப பரவாயில்ல. ஆனா அதுல மிச்சம் இருக்கிற நரம்புக்கு இந்த அளவும் தாங்காது. அதுக்கு ஆபரேஷன் பண்ணியே ஆகணும்."

"நான் ஒழுங்கா வுட்டிருந்தா மேடம்?"

"தெரியாது," என்றார். "நிஜமாவே தெரியாது."

அந்தப் பதில் இன்னும் என்னோடு இருக்கிறது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆபரேஷன் மேசையில் கண்ணைச் சுற்றி ஊசி போட்டார்கள். முகம் முழுக்கத் துணி, இடது கண் மட்டும் வெளியே. கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணே என்னுடையது இல்லை போல ஆனது. மங்கலாக ஒரு வெளிச்சம், அதில் நிழல்கள் நகர்ந்தன. தண்ணீர் ஊற்றும் சத்தம், கத்தரி வைக்கும் சத்தம். "பஞ்சு," என்றார் டாக்டர். வெட்டிய வழி தழும்பாகி மூடிக்கொள்ளாமல் இருக்க மருந்து நனைத்த பஞ்சு வைப்பார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

அப்போது எனக்குத் தொண்டையில் அரித்தது. இருமல். துணிக்கு அடியில் மூச்சு முட்டியது. கண்ணுக்குள் கத்தி இருக்கிறது, நான் இருமினால் தலை ஆடும். விழுங்கினேன். மறுபடி அரித்தது. பொறுத்துக்கொள்ளலாம், பொறுத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்தேன். இது நான் எப்போதும் செய்கிற வேலை என்று திடீரென்று உறைத்தது.

"மேடம், இருமல் வருது," என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"இருங்க," என்றார் உடனே. எல்லாச் சத்தமும் நின்றது. "கையை எடுத்துட்டேன். இப்ப இருமுங்க. நல்லா இருமுங்க."

இருமினேன். "முடிஞ்சுதா? இனிமேலும் இப்படித்தான் சொல்லணும்," என்றார்.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது பனிமூட்டம் மாதிரி இருந்தது. போய்விட்டது என்றே நினைத்தேன். நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, இருந்த பார்வை இருந்த இடத்தில் நின்றது. பத்தாம் நாள் அளந்தால் அழுத்தம் மறுபடி ஏறியிருந்தது. தையல் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லி, மறுபடி மோவாயைத் தாங்கியில் வைத்து, லேசரால் ஒரே ஒரு தையலைத் துண்டித்தார். ஒரு மின்னல்தான். அடுத்த வாரம் அளவு இறங்கியிருந்தது. குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கண்ணைத் தேய்க்கக்கூடாது, தலைக்கு ஊற்றும்போது கண்ணில் தண்ணீர் படக்கூடாது. இரண்டு மாதம் வீட்டில் கிடந்தேன். மேல் இமையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை விழியில் சின்னக் கொப்புளம் போலத் தெரியும். அதுதான் தண்ணீர் போகும் வழி. அதன் தோல் மெல்லியது, கிருமி உள்ளே போனால் ஒரே நாளில் கண் போய்விடும், கண் சிவந்தாலோ வலித்தாலோ அந்த நிமிடமே ஓடி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

வேலைக்குத் திரும்பிய அன்று நானே மருத்துவ அறைக்குப் போய், ஆஸ்பத்திரிக் கடிதத்தை மேசையில் வைத்தேன். கம்பெனி டாக்டர் படித்துவிட்டு அட்டையைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். இப்போது ஸ்டோரில் வேலை, பகல் ஷிஃப்ட் மட்டும். போல்ட் பெட்டிகளை எண்ணி அடுக்குகிறேன். வண்டிகள் ஹாரன் அடித்தால் நான் விலகுகிறேன்.

பயம் போகவில்லை. நேற்று ஸ்டோரில் பத்து மணி டீ சமயத்தில் இடது கண் உறுத்தியது. கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்தால் ஓரம் சிவந்திருந்தது. சாயங்காலம் வரை பார்ப்போம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததுமே நேராகச் சூப்பர்வைசரிடம் போனேன். அவர் எதிரில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள்.

"சார், கண்ணு செவந்துட்டுது. எனக்கு கிளாக்கோமா ஆபரேஷன் ஆன கண்ணு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "'மெட்ராஸ் ஐ'யா இருக்கப் போவுதுண்ணா. லைன்ல எல்லாருக்கும் ஒட்டிடும், மொதல்ல நீ கெளம்பு," என்று ஒருவர் தள்ளி நின்றார். சிரித்தார்கள். சூப்பர்வைசர் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஏறி, வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு போனேன். கம்பி தெரிந்தது. அடுத்த நிறுத்தத்திலும் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை தெரிந்தது.

டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். கொப்புளம் நன்றாக இருக்கிறது, கிருமி இல்லை, அழுத்தமும் ஏறவில்லை, ஏதோ அட்டைப் பெட்டித் தூசு பட்டிருக்கிறது என்றார். கழுவி மருந்து விட்டார்.

"வீணா உங்க நேரத்தக் கெடுத்துட்டேன் மேடம்," என்றேன்.

"அடுத்த தடவையும் இப்படியே வந்து கெடுங்க," என்றார்.

பலமுறை எழுத நினைத்துத் தள்ளிப்போட்டதை இன்று உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, 9-11-2025.